பழந்துணி

பிராகாவில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
கருவாடு வேகாத வீடு இல்லை.
பலகையாய் விறைத்த காட் மீனை
இரண்டு நாள் முன்னாடியே தண்ணீரில் போட வேண்டும்,
ஆறு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும்.
யூலாலியா இதைத் தாளில் எழுதி
ஆறு என்பதற்கு இரண்டு கோடும் போட்டு
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு
ஆஸ்பத்திரிப் பணிக்குப் போய்விட்டாள்.

நான் ஒரே ஒரு தடவை மாற்றினேன்.
மற்ற ஐந்து தடவையும்
கிமராயிஷ் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்,
இல்லை, ஓட்டிய களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மேசையில் எட்டுப் பேர்.
உருளைக்கிழங்கு வெந்திருந்தது. கோஸ் வெந்திருந்தது.
முட்டைகூட ஓடு ஒட்டாமல் உரிந்தது.
மீனை முதலில் வாயில் வைத்தவள்
மாமியார் குஸ்டோடியா.
ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். இன்னொன்று.
மூன்றாவதற்கு ஜாடியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
மச்சினி பிர்மினாதான் வாயைத் திறந்தாள்:
"அட்லாண்டிக்கைச் சாப்பிடக் கூப்பிட்டீர்கள், சரி.
அதற்கு ஒரு நாற்காலி போட்டிருக்கக் கூடாதா?"

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.
உப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத பண்டம் எங்கே என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமென்றால்
இவர்கள் என்னை
மூன்று தலைமுறைக்கு நினைக்கலாம்.

டோமே ரொட்டியும் வெண்ணெயும் தின்றுவிட்டுப் படுத்தான்.
மீன் முக்கால் பங்கு மிச்சம்.

மறுநாள் மதியம் இந்த ஊரில் ஒரு சமையல் உண்டு.
ரோப்பா வெல்யா என்பார்கள். பழந்துணி.
ராத்திரி மிஞ்சியதெல்லாம் ஒரே வாணலியில்
பூண்டும் ஆலிவ் எண்ணெயும் உடுத்திக்கொண்டு
புதுசு மாதிரி வந்து நிற்கும்.
மீனை நார் நாராகக் கிழித்தேன்,
கிழிந்த சட்டையைக் கரித்துணிக்குக் கிழிப்பதுபோல.
கோபத்தில் கிழங்கை அதிகமாகவே உடைத்துவிட்டேன்.
நாலு பல் போதும், பத்துப் பல் பூண்டு.
எண்ணெய் குடித்த கிழங்குக்குள்
உப்பு போய் மெல்ல உட்கார்ந்தது,
வழி நெடுக நின்றே வந்தவனுக்கு
ஜன்னலோரம் இடம் கிடைத்த மாதிரி.

பணி முடிந்து வந்த யூலாலியா
மேலங்கியைக் கழற்றாமல்
வாணலியிலிருந்தே மூன்று வாய் தின்றாள்.
"தண்ணீர் எத்தனை தடவை மாற்றினாய்?"
"ஆறு."
குஸ்டோடியா ஜன்னலைப் பார்த்தாள்.
பார்த்தபடியே தட்டை மறுபடி நீட்டினாள்.

அடுத்த வருஷம் சத்தியமாக ஆறு.
அலாரம் வைத்து எழுந்து மாற்றினேன்.
மீன் இதழ் இதழாகக் கழன்றது.
பேச்சு நின்றது, கரண்டிச் சத்தம் மட்டும்.
பிர்மினாவுக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, பாவம்.
தட்டை வழித்த ரொட்டியும் தீர்ந்தது.

மறுநாள் மதியம்
ஒன்பது பேரும் முள்கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்கள்.
"பழந்துணி எங்கே?" என்றான் டோமே.
எனக்கு அப்போதுதான் உறைத்தது.
நன்றாக வந்த சமையல்
நாளைக்கு ஒன்றும் விட்டு வைப்பதில்லை.
கடைகள் மூடிக் கிடந்தன.
பதினோரு முட்டையை உடைத்து ஊற்றினேன்.
உப்புப் போட மறந்தேன்.

இன்றைக்குத் தேதி இருபத்து நான்கு.
இந்த முறை ஒரு கிலோ கூட வாங்கியிருக்கிறேன்.
ஐந்து தண்ணீர் ஆயிற்று.
குழாயில் கை வைத்தபடி
நின்றுகொண்டிருக்கிறேன்.