ஏலக்காய் கொஞ்சம் குறைவு

அபூ ஹிக்மத் வந்தது செவ்வாய்க்கிழமை,
மின்சாரம் போன ஏழாவது நிமிடம்.
செருப்பைக் கழற்றும்போதே
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
அந்தப் பையில் பச்சை அட்டை நோட்டு.
அந்த நோட்டில் நாங்கள்.

"வாருங்கள், வாருங்கள்,
வீடே வெளிச்சமாகிவிட்டது" என்றார் நவ்வாஃப்,
இருட்டில் மெழுகுவத்தியைத் தேடியபடி.

முதலில் மல்பெரி சர்பத்.
பனிக்கட்டி ஏது?
ஈரத்துணி சுற்றி ஜன்னலில் வைத்திருந்த குப்பி.
ஒரே மூச்சில் குடித்தார்.
அதில் கரைந்திருந்த சர்க்கரை
போன மாதம் அவர் கடையில் வாங்கியது.
இரண்டு கிலோ. கடன்.

பிறகு பராஸிக்.
ஒரு முகத்தில் எள், மறு முகத்தில் பிஸ்தா.
எள்ளும் அவருடையதுதான்.
கடித்தபோது மடியில் சிதறியதை
விரல் நுனியில் ஒற்றி ஒற்றி
ஒன்று விடாமல் வாயில் போட்டுக்கொண்டார்.
எண்ணிப் பழகிய கை.

பேரீச்சை வைத்த மாமூல்.
மாமூல் என்பது எங்களிடம் பலகாரத்தின் பெயர்.
அன்றைக்கு
நீங்கள் சொல்லும் பொருளிலும்தான் வைத்தேன்
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னும் ஒன்று."
"போதும் அம்மா."
"என் மேல் ஆணை."
"சரி, ஒன்றே ஒன்று."
இப்படி நான்கு.

ஆடை வைத்துச் சுருட்டிய பாலாடைக்கட்டி இனிப்பு வந்ததும்
அது பிறந்தது எங்கள் ஹமாவில் என்றார் நவ்வாஃப்.
தன் மனைவி ஹோம்ஸ்காரி, அவள் காதில் விழவேண்டாம் என்றார் அவர்.
அதில் அரை மணி நேரம் போயிற்று.
நல்ல அரை மணி நேரம்.
அந்த ரவைக்கும் நோட்டில் ஒரு வரி உண்டு.
மெல்லும்போது ஒருமுறை நிறுத்தி
என்னை நிமிர்ந்து பார்த்தார்.
தன் சரக்கின் ருசி தெரியாத மளிகைக்காரர் உண்டா?

ஆப்பிள், ஆரஞ்சு, வெள்ளரிக்காய்.
தோல் சீவித் தட்டில் அடுக்கினேன்.
மெதுவாக, மிக மெதுவாகச் சீவினேன்.
காப்பியை மட்டும் கொண்டுவரவில்லை.
காப்பி வந்தால் விருந்து முடிகிறது.
விருந்து முடிந்தால் நோட்டு திறக்கிறது.

ஆனால் வெள்ளரிக்காயும் தீர்ந்துபோகுமே.

பொங்கி வந்த நுரையைப் பிரித்து
மூன்று கோப்பையில் ஊற்றினேன்.
அவர் எடுத்தார்.
குடிக்காமல் மேசையில் வைத்தார்.

கேட்டது கிடைக்கும்வரை
கோப்பையைத் தொடாதிருப்பது எங்கள் பழைய வழக்கம்.
பகை தீர்க்க வந்தவர்கள் அப்படி வைப்பார்கள்.
பெண் கேட்க வந்தவர்களும்.
உள்ளறைத் திரை அசைந்தது: லமீஸ்.
பயப்படாதே, மகளே,
ஹிக்மத்துக்குப் பதினோரு வயது.

"சொல்லுங்கள்" என்றார் நவ்வாஃப்,
ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

நோட்டை எடுக்கவில்லை அவர்.
தொண்டையைச் செருமினார்.
"வியாழனுக்குள் பாதியாவது.
மொத்த வியாபாரி எனக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறான்.
அவன் வீட்டுக்குப் போனால்
எனக்குத் தண்ணீர்கூட வருவதில்லை."

வெளியே ஆற்றில் நீர்ச்சக்கரம்
முனகிக்கொண்டே சுற்றியது.
நவ்வாஃப் பேசவில்லை.
ஆறிக்கொண்டிருந்தது காப்பி.
நுரை விலகிக் கறுப்பு தெரிந்தது.

"குடியுங்கள்" என்றேன் நான்.

குடியுங்கள் என்றால் சம்மதம்.
எங்கிருந்து, எப்படி என்று
அதைச் சொன்ன வாய்க்கே தெரியாது.
நவ்வாஃப் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை
இங்கே எழுதப்போவதில்லை.

குடித்தார்.
கோப்பையைக் கவிழ்க்காமல் என் கையிலேயே தந்து
"உங்கள் வீட்டுக் காப்பி என்றும் நிலைக்கட்டும்" என்று வாழ்த்தினார்.
எழுந்தார்.
ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, மறு காலைத் தூக்கியபடி,
"தவறாக நினைக்காதீர்கள்,
ஏலக்காய் கொஞ்சம் குறைவு" என்றார்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே
ஹிக்மத் ஓடிவந்து ஒரு பொட்டலம் நீட்டினான்.
ஐம்பது கிராம், பச்சைக் காய், முதல் தரம்.
அப்பா கொடுத்தார் என்றான்.
கண்ணில் நீர் கோத்துவிட்டது எனக்கு.

பொட்டலத்தைத் திருப்பினேன்.
பென்சிலில் விலை.
கீழே, அவர் கையெழுத்தில்:
கணக்கில் சேர்த்தாயிற்று.