பன்னிரண்டு பதின்மூன்று

முப்பத்தெட்டு மாடிக்கு நிழல் வரைவது என் வேலை.
கட்டிடத்தை ருவந்த சேர் வரைவார்,
குழாய்களை வேறொருவர்.
இருபத்தாறாம் மாடித் தோட்டத்துக்கு
என்ன மரம் என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் முடிவெடுப்பார்.
கட்டி முடித்த பின் தரையில் விழப்போகும் கறுப்பு மட்டும்
என்னுடையது.

மாதத்தையும் மணியையும் கொடுத்தால் போதும்,
கணினி சூரியனை நகர்த்தும்.
காலை எட்டுக்கு நிழல் ஏரிமேல் கிடக்கும்.
கூழைக்கடாக்கள் ஆட்சேபிப்பதில்லை.
பிற்பகல் மூன்றுக்குக் கிழக்கே நூற்றுப் பத்து மீற்றர்:
கொம்பனித்தெருவின் தகரக் கூரைகள்,
பள்ளிவாசல் சுவரில் ஒரு மூலை,
குறுக்கும் மறுக்குமாய்ப் பத்துப் பதினைந்து உடுப்புக் கொடிகள்.
கொடிகள் நில அளவைப் படத்தில் இல்லை.
ட்ரோன் படத்தில் கண்டு நானாகச் சேர்த்தேன்,
இருப்பதிலேயே மெல்லிய கோட்டில்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

சேர் நல்லவர். இதையும் எழுதத்தான் வேண்டும்.
வீடென்றால் காற்றும் வெளிச்சமும்,
மிச்சமெல்லாம் தளபாடம் என்பார்.
தென்மேல் காற்று சமையலறை வரைக்கும் போகட்டும் என்று
ஒவ்வொரு பல்கனியையும் கொஞ்சம் திருப்பி வைத்தார்.
பணிப்பெண் அறைக்கு ஜன்னல் கேட்டு
முதலீட்டாளரோடு சண்டை பிடித்து
இரண்டடிக்கு ஒன்றரையடி வாங்கினார்.

கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம்
என் மேசையில் குனிந்து மூன்று மணியைப் பார்த்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஏப்ரல் ஏழு, நண்பகல் போடுங்கள்."

வருஷப்பிறப்புக்கு முந்தின அந்தக் கிழமை
சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும்,
பேப்பரில் நிமிஷக் கணக்கோடு போடுவார்கள்.
பன்னிரண்டு பதின்மூன்று.
போட்டேன்.
முப்பத்தெட்டு மாடியும்
தன் நிழலைக் காலடிக்குள் இழுத்துக்கொண்டது.
அவ்வளவு சுத்தமான தாள்
அதுவரை நான் அச்செடுத்ததில்லை.

சனசமூக மண்டபம். பிளாஸ்டிக் கதிரைகள்.
காகிதக் கோப்பையில் நெஸ்கபே.
மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழும்பினார்.
பெயர் ஜெனீரா. விடுதிப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை
தினமும் முப்பது நாற்பது கழுவிக் கொடுப்பவர்.

"மகள், எங்கட பைப்புக்குத் தண்ணி வாரதே பன்னெண்டுக்கு.
கழுவி அலசி முடிய ரெண்டரை ஆகும்.
மூணு மணிக்கு வெயில் ஈக்குமா?"

என் கோடுகளில் எது அவருடைய கொடி என்று
தேடிக்கொண்டிருந்தேன்.
சேர் என்னைப் பார்த்தார்.
கேள்வி தமிழில் வந்தால் மொழிபெயர்ப்பதும் நான்தான்.

"தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றிக் கேட்கிறார்."

"சபைக்கு அறிவிப்போம் என்று சொல்லுங்கள்."
சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
ஜெனீரா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்,
நம்பியா, களைத்தா,
இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை.

வெள்ளவத்தையில் என் பல்கனி ஐந்தாம் மாடி.
கடல் பக்கம் போன வருஷம் ஒன்று எழும்பியது,
பதினாறு தட்டு, நல்ல வடிவமைப்பு,
தொங்குசெடிகள்கூட வைத்திருக்கிறார்கள்.
அன்றிரவு முகம் துடைக்க எடுத்த துவாயில்
ஈரம் ஊறிய நாற்றம்.
எனக்கும் எங்கோ ஒரு நண்பகல் தாள் இருக்கும்,
யாரோ என் வயதுக்காரி எடுத்தது.

இப்போது கிடங்கு தோண்டியாகிவிட்டது.
பைலிங் இயந்திரம் இடிக்கும்போது
தெருவின் தேநீர்க் கோப்பைகளில் வட்டம் வட்டமாய் அலை.
ஏப்ரல் ஏழாம் தேதி தலைக்கவசம் மாட்டிக்கொண்டு
வேலியோரம் போய் நின்றேன்.
சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது கணினி,
என் நிழல் முழுக்கச் சப்பாத்துக்குக் கீழே.
தகர இடுக்கால் அந்தப் பக்கம் பார்த்தேன்.
ஊரெல்லாம் கொட்டிக் கிடக்கும் வெயிலில்
கொடிகள் வெறுமையாய் ஆடின.
தண்ணீர் இப்போதுதான் வந்திருக்கும்.