சோப்பு டப்பா

எர்ணாவூர் குடியிருப்பு, மூன்றாவது மாடி.
எடைமேடையில் பகல் முழுக்க
கண்டெய்னர் லாரிகளுக்குச் சீட்டு கிழித்த கை
ராத்திரி பத்துக்கு மேல்
சால்டரிங் கோல் பிடிக்கிறது.

இருபத்தைந்து வாட்.
ரிச்சித் தெருக் கடைக்காரன் "தம்பிக்கா?" என்றான்.
"எனக்கு."
பில் போட்டு முடிக்கும்வரை நிமிரவே இல்லை.

பாட்டுப்பெட்டி என்றால் சிரிப்பீர்கள்.
பச்சை சோப்பு டப்பா.
உள்ளே கட்டைவிரல் அகலத்தில் ஒரு போர்டு,
செத்த போனிலிருந்து பிடுங்கிய பேட்டரி,
நகத்தளவு மெமரி கார்டு,
மூன்று பொத்தான்.
ஓட்டை போடக் காய்ச்சிய கம்பி இறங்கியபோது
வீடெல்லாம் மல்லிகையும் கருகலும்.

முதல் ராத்திரி ஊமை.
இந்த ஊர்க் காற்று செம்பை விட்டுவைக்காது;
வாங்கி வைத்த ஒயரின் நுனி
வாரத்தில் பச்சை பூத்திருந்தது.
பிளேடால் சுரண்டி மறுபடி ஈயம் வைத்தேன்.
இரண்டாம் ராத்திரி
இடது காதில் மட்டும் வயலின்,
பாடுகிற ஆள் வலது பக்கம் எங்கோ
வெளியே நிற்கிறார்.
மூன்றாம் ராத்திரி அவரும் உள்ளே வந்தார்.

ஒருமுறை அழுத்தினால் இரண்டு பாட்டு தாண்டியது.
பொத்தானுக்கு நடுக்கமாம்.
மிளகளவு கபாசிட்டர் ஒன்று வைத்தேன்,
அடங்கிவிட்டது.

அடங்காதது ஒன்றுதான்.
பட்டன் போன் பக்கத்தில் இருந்தால்
பல்லவியின் நடுவே
டிட்-டிரிட்-டிட்-டிரிட் என்று ஒரு கரகரப்பு.
இரண்டு நொடி கழித்துத்தான்
போனே அடிக்கும்.

"அலுமினியத் தாள் சுத்துடி, போயிடும்"
என்றாள் கூட வேலை பார்க்கும் ஜெனிட்டா.
பரோட்டாக் கடையில் கேட்டு வாங்கி
அளவுக்கு வெட்டி
மடித்தும் வைத்துவிட்டேன்.

அந்தத் திங்கள்தான் தேசப்பன் தங்கலுக்குப் போனது.
எட்டு நாள் என்றார்கள்.
ஒன்பதாம் நாள் போட்டால்
தொடர்பு எல்லைக்கு வெளியே.
பத்தாம் நாளும் அந்தப் பெண்ணே
அதே மரியாதையோடு.

ராத்திரி டப்பாவைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.
ஒரு மணிக்குக் கரகரத்தது.
எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை.
யாரும் கூப்பிடாமலே போன் சில நேரம்
தன்பாட்டுக்கு டவரிடம்
இருக்கியா என்று கேட்டுக்கொள்ளுமாம்.
இருக்கேன் என்று அது சொல்லுமாம்.
இதை எனக்குச் சொன்னவரை
அப்போது அறையலாம் போல் இருந்தது.

மூன்றரை மணி.
எந்தப் பாட்டு ஓடியது, நினைவில்லை.
டிட்-டிரிட்.
அடிப்பதற்குள் போன் கையில்.

"இன்னாடி, மொத மணி கூட அடிக்கல,
தூங்கலியா நீ?"
பின்னால் இஞ்சின் இரைச்சல்,
யாரோ ஐஸ் பெட்டியை இழுக்கிற சத்தம்.

"பாட்டு கேட்டுனு இருந்தேன்" என்றேன்.

வெட்டி வைத்த அலுமினியத் தாளில்
மறுநாள் வறுத்த சங்கரா நாலு துண்டு மடித்து
வேலைக்கு எடுத்துப்போனேன்.
ஜெனிட்டாவுக்கு இரண்டு.