சி படிவம்

இரவு பதினொன்றரைக்குக் காரிலிருந்து இறங்கினேன்.
காலையில், இட்லிக்கும் முன்னால்,
மடிக்கணினியோடு உட்கார்ந்துவிட்டான் ஏகப்பன்.
"இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள ஏத்தணும் ஆச்சி.
வெளிநாட்டு ஆள் தங்கினா
வீட்டுக்காரன் பொறுப்பு."

ஆயுள் காப்பீட்டில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன்.
ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டான்.

பெயர், உமையாள்.
குடும்பப் பெயர்? அப்பச்சி பேரா, அயித்தியாண்டி பேரா?
நாடு.
கீழே கீழே இழுத்துக்கொண்டு போனான்.
மேலேயே இருக்கும் பார், ஆவன்னாவில், என்றேன்.

பிறந்த இடம்?
அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த கதவைக் காட்டினேன்.
இப்போது அங்கே இன்வெர்ட்டர்.
கண்டனூர் என்று அடித்தான்.

குடி மாறுவது எனக்குப் புதிதில்லை.
இருபத்திரண்டு வயதில்
இரண்டு அப்பாக்கள் இசைகுடிமானம் எழுதிக்கொண்டார்கள்.
வைரவன்பட்டிக் கோயிலிலிருந்து
இலுப்பைக்குடிக் கோயிலுக்கு
ஒரே பகலில் மாறிப்போனேன்.
அந்த ஏட்டில்
என் கையெழுத்துக்கு இடமே இல்லை.

இரண்டாம் முறை நானே கை தூக்கினேன்,
மெல்பர்னில், ஒரு நகரசபைக் கூடத்தில்,
எண்பது பேரோடு.
ஆளுக்கொரு செடி தந்தார்கள்.
நட்டேன், பிழைத்துக்கொண்டது.
அழவில்லை. அதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கக்
கட்டணம் கேட்டார்கள். கட்டினேன்.
மூலையைக் கத்தரித்துத் திருப்பித் தந்தார்கள்.
ரசீதும் உண்டு.

முதல் தேர்தலில் மட்டும்
ஓட்டுப் போட்டுவிட்டு
விரலை நீட்டிக்கொண்டு நின்றேன்.
அந்த ஊரில் மை வைப்பதில்லையாம்.
பின்னால் நின்ற பையன் சிரித்தான்.
நானும்.

"வந்த நோக்கம்?"
சுற்றுலா, வணிகம், மருத்துவம், மாநாடு.
தம்பிக்கு அறுபதாம் கல்யாணம் என்று
எதிலும் இல்லை.
சுற்றுலாவில் ஒரு சொடுக்கு.
பிறகு மேலே போனான், கீழே வந்தான்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேலே போனான்.

"என்னடா தேடுறே?"

"நீ எனக்கு என்ன வேணும்னு
எங்கேயுமே கேக்கலையே, ஆச்சி."

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி கூப்பிட்டாள்.
இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

"கிளம்பும் தேதி?"

சாந்தி முடிந்த மூன்றாம் நாள்.
அவனுக்குத் தெரியும்,
டிக்கெட் போட்டுக் கொடுத்ததே அவன்தான்.
இருந்தும் கேட்டான்.
கேட்டுவிட்டு,
விரலைப் பலகைமேல் வைத்தபடி
அடிக்காமல் இருந்தான்.