தமிழுக்கு இரண்டை அழுத்தவும்

வெள்ளிக்கிழமை. வெள்ளவத்தை, ஆறாம் மாடி.
கப்டன் பிழையான பக்கம் கப்பலைத் திருப்பினாள்.
பதினொரு பேர் செத்தார்கள்.
அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் போனது,
மருதானைப் பக்கம்,
சன்னல் கண்ணாடி நடுங்க.
அவள் என்ன சொன்னாள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

கௌசிகன் நிறுத்தினான், பின்னுக்கு இழுத்தான்.
"வேணுமெண்டுதான் செய்யிறாங்கள்," என்றான்.
"முதல் சீசனில ஆம்பிளைக் கப்டன். அவனைச் சாக்காட்டியாச்சு.
இப்ப எஞ்சின் அறை, ஆய்வுகூடம், எதிரிக் கப்பல்,
எல்லா இடமும் பொம்பிளையள்.
நாங்கள் எங்க நிக்கிறது?"
"வழமைபோல, கதவை மறிச்சுக்கொண்டு," என்றாள் மஃரூபா.

அவளுக்கும் கப்டனைப் பிடிக்காது. காரணம் வேறு.
"நானூறு வருசம் கழிச்சும்
ஒரு பொம்பிள கோவப்படுறதுக்கு
மௌத்தான பிள்ள ஒன்டு வேணுமாம்.
பழைய கப்டனுக்கு என்ன இருந்திச்சு?
ஒன்டுமில்ல. தாடி இருந்திச்சு."

அன்ரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்,
அதிகம் வாய் திறக்கமாட்டான்.
"பதினொரு பேர் செத்தும்
'பொம்பிளை ஓட்டினா இப்பிடித்தான்' எண்டு
அந்தக் கப்பலில ஒருத்தனும் சொல்லேல்ல.
எனக்கு அதுதான் விஞ்ஞானக் கற்பனை.
மூண்டு கண்ணுள்ள சாமானை நான் நம்புவன்."

உடுப்பைப் பற்றியும் கொஞ்சம் இழுபட்டது.
இவ்வளவு இறுக்கம் எதற்கு, பொக்கற் எங்கே,
சாவியை எங்கே வைப்பாள்?
சாவி எதற்கு, அங்கே எல்லாம் குரலுக்குத் திறக்கும்.

திறக்கவில்லை.
கப்டன் கதவில் அடிக்கிறாள், உள்ளே புகை.
"மன்னிக்கவும். உங்களுக்கு அனுமதி இல்லை"
என்கிறது கப்பலின் குரல்,
பிள்ளையை நித்திரைக்குத் தட்டுவதுபோல, மெல்ல.
"இஞ்ச பார், கொம்பியூட்டரும் பொம்பிளை."
பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பார்ப்பார்கள் என்று தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன், பொரளையில் ஒரு ஸ்ரூடியோ.
இரைச்சல் ஏறும் என்று ஏசியை நிறுத்தியிருந்தார்கள்.
பூச்சியம் முதல் ஒன்பது வரை
ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தரம் சொன்னேன்,
ஒருமுறை குரல் ஏற, ஒருமுறை இறங்க.
எந்த வரிசையில் வந்தாலும் பொருந்த வேண்டுமாம்.
"சிரிச்சுக்கொண்டு சொல்லுங்க மிஸ்,"
கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒருவர்.
"மீதி போதாது என்கிற இடத்தில் இன்னும் குழைவா.
அதிகாரம் வேணாம்."
முதுகில் வியர்வை ஊர ஊரச் சிரித்தேன்.
ஏழாயிரம் ரூபாய், ஒரு கையொப்பம்.
அன்றிலிருந்து ஒரு வங்கியின் தொலைபேசிக்குள்
உட்கார இடமில்லாமல் நிற்கிறேன்.

கௌசிகன் அந்த என்னை ஏசியிருக்கிறான்.
இயந்திரம் அட்டையை விழுங்கிய ஓர் இரவு,
நான் என்று தெரியாமல்.
"தெரிஞ்சிருந்தா ஏசியிருக்கமாட்டன்."
"ஆம்பிளட குரலென்டா?" கேட்டாள் மஃரூபா.
அவன் யோசித்தான். மிக்சர் மெல்லுவதை நிறுத்தி,
உண்மையாகவே யோசித்தான்.
"சேர் எண்டிருப்பன்."

கதவு திறந்ததா என்று அறிய
அடுத்த வெள்ளி வரை இருக்கவேண்டும்.
லிஃப்டில் தனியே இறங்கினேன்.
இதற்குள்ளும் ஒருத்தி இருக்கிறாள், ஆங்கிலக்காரி,
எந்த ஊரில் யார் சொல்லிச் சிரித்தாளோ.
நான்காம் மாடி தாண்டத் தொண்டையைச் செருமி,
அன்று பதிவாகாத குரலில் சொல்லிப் பார்த்தேன்:
"முடியாது. திறக்கமாட்டேன்."

கீழ்த்தளம் என்றாள் அவள், அதே குழைவோடு.
கதவு திறந்தது.
காவலாளி கதிரையிலிருந்து பாதி எழும்பி
என் பின்னால் எட்டிப் பார்த்தார்:
"ஆரோட மிஸ் சண்டை?"