கொழுப்பெடுத்தவள்

மாமியார் வைத்த பெயர் அது.
க்ளேர்வுட் வீட்டில் எதிர்த்துப் பேசிய முதல் வாரமே.
பிறகு ஜேக்கப்ஸ் தையல் ஆலையில்
கூலி உயர்த்தக் கேட்டு மிஷினை நிறுத்தினோமே, அப்போது
சூப்பர்வைசரும் சொன்னான், ஆங்கிலத்தில்.
எழுபத்திரண்டு வயதில்தான்
சொல் பலித்தது:
டர்பன் ஆஸ்பத்திரியில்
தொப்புளுக்குக் கீழே இரண்டு துளை போட்டு
குழாய் விட்டு
எடுத்தார்கள்.

பாட்டிலில் பார்த்தேன்.
ஆறிய பீன்ஸ் கறியின் மேல் மிதக்குமே, அந்த மஞ்சள்.
கால் ரொட்டியைக் குழித்து ஊற்றித் தின்ற
வெள்ளிக்கிழமைகள்,
இரண்டு பிரசவம்,
தனபாலன் போன வருஷம்
ராத்திரி ராத்திரியாகத் தீர்த்த பிஸ்கெட் டின்கள்,
எல்லாம் ஒரு டம்ளர் அளவு.

இருபது வருஷமாக இதே ஆஸ்பத்திரியில்
தராசில் ஏற்றி ஏற்றித் திட்டினார்கள் அதை.
இப்போது ஒரு பெண்
இரண்டு கையாலும் ஏந்திப் போகிறாள்
பால்குடம் மாதிரி.

"இதிலிருந்து அணுக்களைப் பிரித்து வளர்த்து
முழங்காலுக்குள் விடுவோம்" என்றாள் டாக்டர் நொம்தாண்டாசோ.
"வேறு யாருடையதும் இல்லை, உங்களுடையதே."

வலது முழங்கால்.
பெடல் மிதித்த கால்.
முப்பத்தெட்டு வருஷம் பள்ளிச் சட்டைக் காலரெல்லாம்
அந்தக் கால் தைத்தது.
கை சும்மா துணியைத் தள்ளிக் கொடுத்தது.

மூன்றாம் வாரம் போன்.
அணுக்கள் மெதுவாகத்தான் பெருகுகின்றனவாம்.
வயதானவர்களுக்கு அப்படித்தானாம்.
பத்து நாள் கூடப் பொறுக்கணுமாம்.
சிரித்துவிட்டேன்.
பென்ஷன் நாளில் இருட்டோடு போய் நிற்கிற கூட்டம்
எனக்குத் தெரியாதா?
கண்ணாடித் தட்டில் அவையும் நிற்கின்றன போல,
ஒன்று இரண்டாவதற்குள்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

கையெழுத்துப் போட்ட தாளில் இன்னொன்றும் இருந்தது.
பாதிப் பேருக்கு அணு, பாதிப் பேருக்கு உப்புநீர்.
யாருக்கு எது?
எனக்கும் தெரியாது, ஊசி பிடித்த கைக்கும் தெரியாது.
உறை பிரிக்க அடுத்த ஏப்ரல்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மகள் கொதித்தாள்:
"உப்புத்தண்ணின்னா வயித்தை எதுக்கும்மா குடைஞ்சாங்க?
நீ என்ன எலியா?"
என்னுடையதை உறைய வைத்திருப்பார்கள்,
அப்போது போடுவார்கள் என்றேன்.
எலிக்கு யாரடி டாக்ஸிக் காசு தருகிறார்கள் என்றேன்.
போனை வைத்துவிட்டாள்.
கொழுப்பு, அவளுக்கும்தான்.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் அடுக்குக்கு லிஃப்ட் கிடையாது.
முப்பத்தாறு படி.
முன்பெல்லாம் பதினாலில் பையை இறக்கி வைப்பேன்,
சுவரில் அந்த உயரத்தில்
என் உள்ளங்கை அழுக்குகூட இருக்கிறது.
நேற்று அந்தக் கறையைத் தாண்டிவிட்டது
இருபத்தாறில்தான் எனக்கு உறைத்தது.
அங்கே நின்றேன்.
வலித்ததா, நின்று பழகிய பழக்கமா,
சொல்லத் தெரியவில்லை.

மேல்மாடிப் பிரேமிளா எட்டிப் பார்த்தாள்.
"ஊசி கேக்குதா ஆன்ட்டி?"
"உப்பு கேக்குதோ, நான் கேக்கறேனோ" என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
மீதிப் பத்துப் படிக்கு
உருளைக்கிழங்குப் பையை அவளிடம் தரவில்லை.

ராத்திரிக் கறியில்
உப்பு கொஞ்சம் தூக்கல்.