இரண்டாம் சனிக்கிழமை, கீழக்கரை

மீன் ஏலக்கூடத்துக்கு மேல்மாடி.
பதினோரு பேர் வந்திருக்கிறோம்.
தொண்டியிலிருந்து பைக்கில் ஜெரோசின்,
முகமெல்லாம் உப்பு.

தலைப்பு: கடலோரக் கான்கிரீட்.
புரொஜெக்டர் எரியவில்லை.
சுலைஹா பையைத் திறந்து
மேசைமேல் ஒரு கம்பியை வைத்தாள்.
பன்னிரண்டு மில்லிமீட்டராக வாங்கியது,
வெர்னியர் இப்போது எட்டரை என்கிறது.
தொட்டால் உரிகிறது துரு,
வெங்காயச் சருகு போல.

"மண்டபத்துல, பள்ளிக்கூட வராண்டா. என் டிசைன்.
ஒன்பது வருஷம்தான் ஆச்சு.
கணக்கு சரி, ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன்.
கான்கிரீட் போட்ட அன்னைக்கு
நான் போகலை."

கீழே யாரோ
நண்டுக்கு விலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

கார்மேகம்தான் கம்பியை எடுத்தார்,
உள்ளங்கையில் எடைபார்த்தார்.
"எனக்கும் ஒண்ணு இருக்கு, பெரியபட்டினத்துல."
அப்புறம் ஜெரோசின்:
ஒரு தண்ணீர்த்தொட்டி.
ஆற்றுமணல் என்று இறக்கியது கடல்மணல்.
நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறான்,
தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

டீ ஆறி ஆடை கட்டியது.

என் முறை வந்தபோது
மணியாகிவிட்டது என்றேன்.
சான்றிதழில் என் பெயருக்கு எதிரே
"பயிற்சி: இரண்டு மணி நேரம்."

ஏர்வாடி பஸ்ஸில் மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.
"மாரிச்சாமி அண்ணே, நாளைக்கு
நான் வர்ற வரைக்கும் ஸ்லாப் போடாதீங்க.
கவர் பிளாக்கை எண்ணணும்."
"ஞாயித்துக்கிழமை
நீங்க வரமாட்டீங்களே சார்?"
"வர்றேன்."

ஜன்னல் காற்றில்
உதடு காய்ந்திருந்தது.
நாக்கால் தடவினேன்.
பிறகுதான் உறைத்தது.